வெறும் பாத்திரம் திரும்புவதில்லை

செவ்வந்தி என்ற கப்பல் கடைசியாக வந்து போன பிறகும் அது கடலில் போட்ட வெள்ளைத் தடம் அழியாமல் கிடந்ததைச் சிலுவைத்துறைக்காரர்கள் முதல் இரண்டு நாள் அதிசயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல்காரன் கழிகளைப் பிரிக்காமல் விட்டுப் போனமாதிரி, யாரோ செய்யவேண்டிய வேலையைச் செய்யாமல் போய்விட்டார்கள், உரியவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்றுதான் நினைத்தார்கள். மூன்றாம் நாளும் அது அங்கேயே கிடந்தது. கப்பல் அணையும் மேடையின் காலடியில் தொடங்கி, முப்பது முழ அகலத்துக்கு, பால் பொங்கி அடங்கின நிறத்தில், வளைவு நெளிவு இல்லாமல் கிழக்கே போய், வானம் தொடும் இடத்தையும் தாண்டி, மூன்றரை மணி நேரக் கப்பல் தூரத்தில் இலங்கைக் கரையிலிருக்கும் பனைமுனைத் துறை வரைக்கும் அது நீண்டு கிடப்பதாக, அந்தக் கரையில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் போனில் விசாரித்துச் சொன்னார்கள். அதே கப்பல் அன்று சாயங்காலம் வடக்கே வேறொரு துறைமுகத்தில் கட்டிவைப்பதற்காகப் போனபோது போட்ட தடம், போய்ச் சேர்ந்ததும் ஒழுங்காக அழிந்துவிட்டது. இது மட்டும் அழியவில்லை.

அலை வந்து மோதினால் அது கொஞ்சம் அசைந்துகொடுத்து மறுபடி தன் இடத்தில் படுத்துக்கொண்டது. கடற்காகங்கள் அதன்மேல் நடந்து போயின. குறுக்கே போன ஃபைபர் படகுகள் வேகத்தடையில் ஏறி இறங்கினதுபோல ஒருதரம் குலுங்கின, அவ்வளவுதான். துறைமுக வாசலில் டீக்கடை வைத்திருக்கும் ரீத்தாள், "இதை ரோடுன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?" என்று ஒருநாள் கேட்டாள், அன்றிலிருந்து அதற்கு ரோடு என்றே பெயர் நிலைத்தது. மீன்வளத் துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, இதில் மீன் இல்லை, ஆகவே எங்களுடையதில்லை என்றார். நெடுஞ்சாலைத் துறையிலிருந்து வந்தவர் குனிந்து தொட்டுப் பார்த்து, இதில் தார் இல்லை என்றார். துறைமுக மேலாளர் சுதந்திரராஜன், கப்பல் இருந்தால்தானே கப்பலின் தடத்துக்கு நான் பொறுப்பு, கப்பலையே காணோம் என்கிறபோது தடம் எப்படி என் தலையில் விழும் என்று நியாயம் கேட்டார். ஃபைல் மூன்று அலுவலகங்களைச் சுற்றிவந்து, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் பெருத்துக்கொண்டது.

அது ஏன் அழியவில்லை என்பது ஊரில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் பெயர் எமல்டா, வயது நாற்பத்தொன்று, வாயைத் திறந்து அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கார்களைக் கப்பலில் ஏற்றுவதும் இறக்குவதும் எமல்டாவின் வேலை. செவ்வந்திக்குப் பின்பக்கம் ஒரே ஒரு வாய். கப்பல் பின்புறமாக வந்து மேடையோடு ஒட்டி நின்று, ராம்ப் என்று எல்லோரும் சொல்லும் அகலமான இரும்புப் பலகையை நாக்குபோல இறக்கும். ஏறும் கார்கள் ரிவர்ஸில் ஏறவேண்டும், அப்போதுதான் அந்தக் கரையில் முகத்தை முன்னால் வைத்து இறங்கமுடியும். இருபது வருஷம் கார் ஓட்டினவர்கள்கூட, இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கும்போது வலது இடது மறந்துபோவார்கள். எமல்டா எதிரே நின்று கையை இப்படி வளைத்தால் இப்படி, அப்படி மடக்கினால் அப்படி என்று சின்னப்பிள்ளையைக் கூட்டிப்போவதுபோலக் கூட்டிக்கொண்டு போய் இருபத்திரண்டு கார்களையும் நிறுத்திவைப்பாள். பிறகு ஒவ்வொரு காரின் சக்கரத்துக்கும் மரத்தில் செதுக்கிய முட்டுக்கட்டையை இறுக்கிக் கொடுப்பாள். எல்லாம் முடிந்ததும் கையில் ஒரு கட்டையை எடுத்து ராம்ப் இரும்பில் டக் டக் என்று இரண்டு தட்டு. மேலே உட்கார்ந்திருக்கும் கேப்டனுக்குப் பின்பக்கம் தெரியாது, காதில் விழுகிற தட்டுதான் கணக்கு. இரண்டு தட்டு என்றால் புறப்படலாம். அந்தக் கரையில் கார்களை இறக்கி முடித்ததும் அங்குள்ள ராம்ப்காரர் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வந்து சேர்ந்தாயிற்று. திரும்பி வரும்போது அவர் இரண்டு, இவள் ஒன்று. ஆறு வருஷமாக, திங்கள், புதன், சனி, இரண்டு தட்டு இல்லாமல் செவ்வந்தி கிளம்பினதும் இல்லை, ஒரு தட்டு இல்லாமல் எந்தப் பயணமும் முடிந்ததும் இல்லை.

அந்தக் கரை ராம்ப்காரர் பெயர் தில்லைநாதன். அவரை எமல்டா பார்த்ததே கிடையாது. ஆனால் கார்களை அவர் நிறுத்தியிருக்கும் விதத்தைப் பார்த்தே அவரைத் தெரிந்துவைத்திருந்தாள்: சக்கரங்கள் எல்லாம் நேராக இருக்கும், பக்கக் கண்ணாடிகள் எல்லாம் மடங்கியிருக்கும், கட்டை ஒன்றுகூட ஆடாது. முதல் வருஷம் ஒருநாள் ஒரு கட்டையில் சாக்பீஸால் 'இந்தக் காருக்கு பிறேக் சரியில்லை, கவனம்' என்று எழுதி வந்தது. எமல்டா அடுத்த தடவை அதே கட்டையில் 'நன்றி. பார்த்துகிட்டேன்' என்று எழுதி அனுப்பினாள். அப்புறம் 'இவர் கோபக்காரர், மெல்லச் சொல்லுங்கோ' என்று ஒன்று வந்தது. அப்புறம் 'இங்கே வெயில். எனக்கு இருமல்' போயிற்று, 'இஞ்ச மழை' வந்தது. 'இருமல் சுகமோ?' என்று கேட்டு வந்த கட்டையை எமல்டா இரண்டு நாள் வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்திருந்துவிட்டு, 'சுகம்' என்று எழுதித் திருப்பினாள். இருவருடைய பெயர்களும், அவருக்கு மனைவி இறந்து ஒன்பது வருஷமாகிறது என்பதும், இவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பதும் இப்படித்தான் போய்வந்தன. போன் நம்பர் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டிருக்கலாம்தான். ஆனால் உள்ளங்கை அகலக் கட்டையில் எழுத இடம் கொஞ்சம், இடம் கொஞ்சமாக இருந்ததால்தான் இருவருக்கும் எழுதத் தைரியம் வந்தது.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. பயணிகள் போதவில்லை, இந்த வழித்தடத்தின் எதிர்காலம் பரிசீலனையில் இருக்கிறது, மறு அறிவிப்பு வரும்வரை சேவை நிறுத்தப்படுகிறது என்று கப்பல் நிறுவனம் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிற்று. கடைசிப் பயணம் பனைமுனையிலிருந்து சிலுவைத்துறைக்கு. பாதி காலியாக வந்த கார் தளத்தில் எமல்டா முதல் காரின் சக்கரத்திலிருந்து கட்டையை உருவினாள். அதில் எழுதியிருந்தது: 'ஒருக்காக்கூடக் காணாமல் முடிஞ்சிடுமோ?'

அவள் எல்லாக் கார்களையும் ஒழுங்காக இறக்கிவிட்டாள். பயணிகள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனார்கள். ராம்பில் தட்டுவதற்குக் கட்டையை ஓங்கினவள் அப்படியே நின்றாள். ஒரு தட்டுத் தட்டினால் முடிந்துவிடும். மறந்துபோய்த் தட்டாமல் விட்டாள் என்றும் சொல்ல முடியாது, வேண்டுமென்று விட்டாள் என்றும் சொல்ல முடியாது. கை வரவில்லை, அவ்வளவுதான். கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள். மேலே கேப்டன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்துவிட்டு, கடைசி நாள், யாருக்கும் மனசு சரியில்லை, மறந்திருப்பாள் என்று ராம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்படித்தான் அந்தப் பயணம் முடியாமல் கிடந்தது.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, கப்பல் வழக்கமாக வந்து சேரும் மூன்றரை மணிக்கு, ரோட்டின்மேல் ஒரு தூக்குவாளி வந்து மேடையோரம் நின்றது. யாரும் தள்ளவில்லை, காற்றும் இல்லை. பெரிய மனிதர் வருவதுபோல நிதானமாக வந்தது, அடிப்பக்கம்கூட நனையவில்லை. மூடியில் ஒரு துண்டுத்தாள்: 'இந்த றோட்டு உங்கட பக்கம் வருகுதோ எண்டு பாக்க அனுப்பினம். உள்ளுக்குப் பருத்தித்துறை வடை.' ரீத்தாள் எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். நொறுநொறுவென்று இருந்தது, நாலு நாள் ஆனாலும் கெடாது என்றார்கள், நாலு நிமிஷம்கூட இருக்கவில்லை.

புதன்கிழமை ஒன்பது பாத்திரங்கள் வந்தன, சனிக்கிழமை முப்பது. பனங்கட்டி வந்தது, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவு வந்தது, எள்ளுருண்டை வந்தது, மீன் வறுத்துப் பொடித்த சம்பல் வந்தது. டிபன் கேரியரில், பால்மா டின்னில், ஓலைப் பெட்டியில், மருமகள் சீர் கொண்டுவந்த பித்தளைச் சட்டியில் எல்லாம் வந்தன. சுங்க அதிகாரி ஒருவர் குடைக்கடியில் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து சோதனைக்காக ஒரு வாய் போட்டுக்கொண்டு, மூன்றாவது வாரத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். கப்பல் ஓடின ஆறு வருஷத்தில் இரண்டு ஊருக்கும் இவ்வளவு பேச்சுவார்த்தை இருந்ததில்லை.

ஆனால் ரோடு ஒருவழிப் பாதை. முடியாமல் நின்ற பயணம் அங்கிருந்து இங்கே வருகிற பயணம், ஆகவே ரோட்டுக்கு அந்த ஒரு திசைதான் தெரிந்திருந்தது. ரீத்தாள் ஒரு முறுக்கு டின்னை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். டின் பத்தடி போயிற்று, நின்றது, யோசித்தது, திரும்பி வந்துவிட்டது. எத்தனை தரம் வைத்தாலும் பத்தடி, ஒரு யோசனை, திரும்பல்.

அங்கேதான் ஊருக்குச் சிக்கல் பிடித்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால் அந்தக் கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் சிலுவைத்துறையில் கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனி, அதுவும் இல்லாவிட்டால் நாலு கருவேப்பிலைக் கொத்து, ஏதாவது ஒன்று உள்ளே இருக்கவேண்டும். இப்போது வெறுமனே திருப்பக்கூட வழியில்லை. கோயில் மண்டபத்தில் பெஞ்சுகளை நகர்த்திவிட்டுப் பாத்திரங்களை அடுக்கினார்கள், பூசைக்கு வந்தவர்கள் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டே செபம் சொன்னார்கள், நடு செபத்தில் வெட்கத்தால் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை யாரும் வெளியே பேசவில்லை. விசைப்படகு வைத்திருக்கும் கஸ்பாருக்கு ஒருநாள் ஒரு பால்மா டின் நிறைய ஒடியல் மாவு வந்தது. மூடியில் ஆணியால் பெயர் கீறியிருந்தது: யேசுரத்தினம், பனைமுனை. கஸ்பார் அந்தப் பெயரை எங்கேயோ பார்த்திருந்தார். பின்கட்டு ஷெட்டில் போய்த் தேடினார். போன மாசியில் அந்தக் கரைப் பக்கம் போய் அவருடைய படகு இழுத்துவந்த வலை மடியில் அறுந்த வலைத்துண்டு ஒன்றும் அதோடு ஒரு மிதப்புக் கட்டையும் சிக்கி வந்திருந்தன. மிதப்பில் அதே எழுத்தில் அதே பெயர். கஸ்பார் ரீத்தாள் கடையில் வந்து உட்கார்ந்து டீயை ஆறவிட்டார். "வலைய அறுத்தவனுக்கு மாவு அனுப்பியிருக்கான், ரீத்தா. தெரிஞ்சு அனுப்பினானா, தெரியாம அனுப்பினானான்னுகூடத் தெரியல. தெரிஞ்சே அனுப்பியிருந்தா நான் எங்க போய் முகத்த வச்சுக்குவேன்?" என்றார். ரீத்தாள் டீயை மறுபடி சூடுபண்ணிக் கொடுத்தாள்.

எமல்டாவுக்கும் வந்துகொண்டிருந்தது. பாத்திரங்களுக்கு நடுவே, ஒவ்வொரு தடவையும் ஒரு முட்டுக்கட்டை. அங்கே துறையில் மிச்சமிருந்த பழைய கட்டைகளை அவர் ஒன்றொன்றாக அனுப்பினார். 'கிடைச்சுதோ?' என்று ஒன்று. 'இஞ்ச கச்சான் காத்து தொடங்கீட்டுது' என்று ஒன்று. 'மறுமொழி அனுப்ப வழியில்லை எண்டு தெரியும். இருந்தாலும் எழுதிறன்' என்று ஒன்று. எமல்டா அவற்றைக் கட்டிலுக்கடியில் வரிசையாக அடுக்கி, துணி போட்டு மூடி, யாராவது வந்தால் கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கிடைத்தது என்ற ஒரு வார்த்தையையாவது சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். ரீத்தாளின் சித்தி மகள் வசந்தமலரைப் பனைமுனையில் கட்டிக்கொடுத்திருந்தது. எமல்டா ரீத்தாளிடம் போய், யாருக்கோ எதற்கோ சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "அக்கா, மலர்கிட்ட பேசினா, அங்க ராம்ப்ல நிக்கிறவர்கிட்ட, கட்டையெல்லாம் இங்க வந்து சேருதுன்னு சொல்லச் சொல்லுங்க" என்றாள். ரீத்தாள் பொறுப்பானவள், அப்படியே சொன்னாள். வசந்தமலரும் பொறுப்பானவள், துறைமுகத்தில் வேலைசெய்கிற ஒருத்தி கட்டைகளைப் பற்றிச் சொல்லியனுப்பியிருக்கிறாள் என்றால் அது ராம்ப்காரரோடு நிற்கிற விஷயமாக இருக்காது, மேலிடத்துக்குத்தான் போகவேண்டும் என்று, நேரே அங்குள்ள துறை அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். துறையின் கட்டைகள் வெளிநாட்டுக்கு மிதந்து போவதற்கு விளக்கம் கேட்டு தில்லைநாதனுக்கு அன்றே ஒரு கடிதம் போயிற்று.

அடுத்த புதன்கிழமை கட்டை வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ரீத்தாள் போனில் கேட்டதை எமல்டாவிடம் வந்து சொன்னாள்: "அந்த மனுசன் மலர்கிட்ட என்னமோ சொல்லி வருத்தப்பட்டாராம்டி. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு விட்டிருக்கலாம், மேலிடத்துல புகார் பண்ணியிருக்க வேண்டாம்னாராம். என்னடி எமல்டா? யாரு யாருமேல புகார் பண்ணினா?"

எமல்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அடக்கவில்லை. ரீத்தாள் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டை வரைக்கும் கேட்டாள், கேட்டு முடித்ததும் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். "இப்பவே மலருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்றேன்" என்று எழுந்தாள்.

"வேண்டாம்கா," என்றாள் எமல்டா. "ஒரு வார்த்தை ரெண்டு வாய் மாறினதுக்கே இப்படியாச்சு. இனிமே நானே போய்த்தான் சொல்லணும்."

போவதற்குக் கப்பல் இல்லை. ஆகவே ரீத்தாள், காரணம் சொல்லாமல், ஊரைக் கூட்டினாள். நிறுவனத்துக்கு ஒரு மனு போயிற்று. சுற்றுலா வளரும், வணிகம் பெருகும் என்று முன்னால் போன மனுக்களில் எழுதியிருந்த எதையும் இதில் எழுதவில்லை. 'எங்கள் வசம் அந்த ஊர்ப் பாத்திரங்கள் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் இருக்கின்றன, திருப்பித் தரக் கப்பல் வேண்டும்' என்று ஒரே வரி.

நிறுவனத்திலிருந்து கழுத்தில் அட்டை தொங்க ஓர் இளைஞர் வந்தார். கோயில் மண்டபத்தில் பாத்திர வரிசைகளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு, "இதையெல்லாம் கன்டெய்னர்ல போட்டு அனுப்பிடலாமே சார்?" என்றார்.

"பாத்திரத்த அனுப்புறது வேற, கொண்டுபோய்க் குடுக்குறது வேற தம்பி," என்றார் கஸ்பார். "ஆள் போகாம பாத்திரம் மட்டும் போனா, இனிமே உன் சங்காத்தமே வேண்டாம்னு சொல்ற மாதிரி."

இளைஞர் நல்லவர், ஆனால் மனதில் பட்டதைக் கேட்டுவிட்டார். "கோவிச்சுக்காதீங்க. ஆறு வருஷம் கப்பல் உங்க வாசல்லயே நின்னுதே. இங்க இருக்கிறவங்கள்ல யாராவது ஒருதடவையாவது அதுல ஏறியிருக்கீங்களா?"

ஒருவர்கூட ஏறியிருக்கவில்லை. அது பட்டணத்துக்காரர்களின் கப்பல், கார் வைத்திருப்பவர்களின் கப்பல், அங்கே போய் நமக்கு என்ன ஆகவேண்டியிருக்கிறது என்று ஆறு வருஷமும் கரையில் நின்று கையாட்டியதோடு சரி. எமல்டாவும் ஆயிரக்கணக்கான கார்களை ஏற்றிவிட்டிருக்கிறாளே தவிர, ராம்பைத் தாண்டி ஒருநாள் கடல்மேல் போனதில்லை.

"ஒரு ட்ரிப் விடச் சொல்றேன்," என்றார் இளைஞர். "அது நிறைஞ்சுதுன்னா மேற்கொண்டு யோசிப்பாங்க. நிறையலைன்னா, இதோட கடைசி."

அதன்பிறகு ஊரே பாஸ்போர்ட்டுக்கு அலைந்தது. சாகும்வரை போட்டோவுக்கு நிற்பதில்லை என்று சபதம் போட்டிருந்தவர்கள் வெள்ளைத் திரைக்கு முன்னால் விறைத்து நின்றார்கள். திருப்பிக் கொடுக்கும் பாத்திரத்தில் எதை வைப்பது என்று வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது. அதிரசம் வைத்தார்கள், கருவாடு வைத்தார்கள், கோயிலில் மந்திரித்த மெழுகுவர்த்தி வைத்தார்கள். கஸ்பார் பால்மா டின்னில் எதை வைத்தும் மனசு நிறையாமல், கடைசியில் முந்திரிக்கொத்தை வைத்து மூடி, கூடவே தன் ஜீப்பின் பின்சீட்டு முழுக்கக் கொள்ளும்படி ஒரு புது வலையை மடித்து ஏற்றி, அதன்மேல் அந்தப் பெயரெழுதின மிதப்பை வைத்தார். எமல்டா தன் கட்டைக்கு என்ன எழுதுவது என்று ஒன்றரை மாதம் யோசித்தாள். 'நான் புகார் சொல்லலை' என்று எழுதி அழித்தாள். 'வருகிறேன்' என்று எழுதி, வந்து நிற்கப்போகிறவள் வருகிறேன் என்று எழுதுவானேன் என்று அதையும் அழித்தாள்.

செவ்வந்தி வந்த சனிக்கிழமை காலை துறையில் நிற்க இடமில்லை. ஜீப்பும் வேனும் குட்டியானை லாரியுமாக இருபத்திரண்டு வண்டிகள், எல்லாவற்றிலும் பாத்திரம். எமல்டா ஒவ்வொன்றாக ரிவர்ஸில் ஏற்றி, கட்டை கொடுத்து முடித்தாள். அப்போது கேப்டனே மேலிருந்து இறங்கி வந்தார், கையில் கப்பலின் பதிவேடு.

"எமல்டாம்மா, போன பயணம் முடிஞ்ச நேரம் எழுதற இடம் இன்னும் காலியா இருக்கு. நான் காத்திருந்து பாத்தேன், தட்டு விழலை. ஒண்ணு முடியாம இன்னொண்ண எப்படித் தொடங்கறது?"

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது, பிறகு மேடையின் காலடியில் தொடங்கும் ரோட்டைப் பார்த்தது. புரிய எல்லோருக்கும் ஒரு நிமிஷம்தான் பிடித்தது. யாரும் திட்டவில்லை. "நீ தட்டாம விட்டதாலதான்டி இவ்வளவும் வந்துச்சு" என்று ஒரு பெண் கும்பிட்டாள். மேலாளர் சுதந்திரராஜன்தான் மெதுவாகச் சொன்னார்: "தட்டினா ரோடு போயிரும்மா. இந்த ஒரு ட்ரிப்போட கப்பலையும் நிறுத்திட்டாங்கன்னா ரெண்டும் இல்லாமப் போயிரும். நல்லா யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். தட்டாவிட்டால் ரோடு இருக்கும், வடை வரும், பனங்கட்டி வரும், என்றைக்காவது மனம் மாறி ஒரு கட்டையும் வரலாம்; ஆனால் அங்கே ஒரு மனிதர் தன்மேல் ஒருத்தி புகார் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டே இருப்பார். அதை அவளால் தாங்கமுடியாது. கட்டையை எடுத்தாள், ராம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

ரோடு இந்த முனையிலிருந்து பாய் சுருட்டினதுபோலச் சுருண்டுகொண்டே கிழக்கே போயிற்று. மேலே நடந்துகொண்டிருந்த கடற்காகங்கள் ஒவ்வொன்றாக எழும்பிப் பறந்தன. நாலு மாதமாக வெள்ளையாக இருந்த இடம் நீலமானதும் கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எமல்டா ராம்பின் உள்பக்கம் ஏறி நின்றாள், சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள், அந்தப் பழைய கட்டையில் அவருடைய கேள்விக்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதி, கஸ்பாரின் ஜீப்புக்கு முன்சக்கரத்தில் கொடுத்தாள். பிறகு வேறொரு கட்டையால் இரண்டு தட்டு. கப்பல் அசைந்தது.

மேலே இருக்கை இருந்தும் அவள் கார்களோடேயே நின்றுகொண்டு வந்தாள். பின்பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால், கப்பல் போட்ட தடம் கண்ணுக்கெட்டும் தூரம் அறுபடாமல் கிடந்தது. எப்போதும் பயணம் முடிகிறவரை அப்படித்தான் கிடந்ததோ என்னவோ, இதுவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

பனைமுனையில் ராம்ப் இறங்கியதும் வெயில் கார் தளத்துக்குள் ஒரேயடியாக வந்து விழுந்தது. அந்த வெளிச்சத்தில் ஒருவர் ஏறி வந்தார், ஒல்லி, காதோரம் நரை, உள்ளே நின்ற எமல்டாவைக் கவனிக்கவில்லை. குனிந்து முதல் சக்கரத்திலிருந்து கட்டையை உருவினார், பழக்கத்தில் திருப்பிப் பார்த்தார். பாதி அழிந்த தன் எழுத்தைப் பார்த்தார், அதன் கீழே இருந்ததைப் பார்த்தார். 'தட்டாதீங்க.'

அவர் நிமிர்ந்தபோது எமல்டா எதிரே நின்றாள். ஆறு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்ததில் முதலில் எதைச் சொல்வது என்று தெரியாமல், "கட்டையைப் பத்தி நான் புகார் சொல்லலீங்க," என்றாள்.

"எமல்டாவோ?" என்றார் அவர். பிறகு கட்டையைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்து, "இப்ப விளங்கீட்டுது," என்றார். "இருமல் சுகமோ?"

"சுகம்," என்றாள் எமல்டா.

பின்னால் கஸ்பாரின் ஜீப் ஹாரன் அடித்தது. தில்லைநாதன் இறங்கிப்போய் ராம்பின் அடியில் நின்று கையை வளைத்தார், மடக்கினார், இருபத்திரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக முகத்தை முன்னால் வைத்து இறங்கின. கரை நிறையச் சனம். பாத்திரங்களின் மூடியில் இருந்த பெயர்களைச் சத்தமாகப் படிக்கப் படிக்க உரியவர்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். முழங்கையில் கிழிந்த சட்டையோடு வந்த யேசுரத்தினத்தின் கையில் கஸ்பார் பால்மா டின்னைக் கொடுத்துவிட்டு, ஜீப்பின் பின்கதவைத் திறந்து விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யேசுரத்தினம் வலையைப் பார்த்தார், மிதப்பைப் பார்த்தார், அதிலிருந்த தன் பெயரை விரலால் தடவினார். பிறகு, "வெயிலுக்க நிக்காதேங்கோ, வீட்டை வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்," என்றார். கொண்டுபோனது அந்தப் பாத்திரங்களில் கொள்ளாமல் சிலுவைத்துறைக்காரர்கள் பாதியைத் தங்கள் சொந்தப் பாத்திரங்களிலும் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். அவற்றைக் கையில் வாங்கின பனைமுனைப் பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்து, ஐயோ, இதை இனி எப்பிடி வெறுமனே திருப்பித் தாறது என்று இப்போதே கவலைப்படத் தொடங்கினார்கள்.

கார் தளம் காலியாயிற்று. மேலே கேப்டன் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார். தில்லைநாதன் ராம்பின் ஓரத்தில் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் எமல்டா. துறை அதிகாரி குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தில்லை, எல்லாம் இறங்கீட்டுதெல்லே? ஏன் இன்னும் தட்டேல்லை?"

தில்லைநாதன் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இன்னும் முடியேல்லை, ஐயா," என்றார்.

நிறுவனம் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறது. பரிசீலனை என்றால் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு, கடைக்கு ஆள் வேண்டுமே என்று ஊரில் தங்கிவிட்ட ரீத்தாள், வெயில் தாழ்ந்த பிறகு துறைமேடைக்கு வந்து பார்த்தாள். காலடியிலிருந்து கிழக்கே, முப்பது முழ அகலத்துக்கு, வெள்ளை வெளேரென்று கிடந்தது. அவள் திரும்பிக் கடைக்குப் போய் முறுக்கு டின்னை எடுத்துவந்து அதன்மேல் வைத்தாள். டின் பத்தடி போயிற்று. நிற்கவில்லை, யோசிக்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது.